பின்னிணைப்பு மூன்று

டன்பார் வீதியில், பேக்கரிக்கு மேலே என் அறை.
மேசையில் நாற்பத்தொரு பக்க ஒப்பந்தம்.
வன்தட்டின் வாசிப்புத் தலையைத் தாங்கும்
நகக்கண் அளவு உலோகக் கரம் ஒன்றை
ஹட்டனில் செய்துகொள்ளலாம் என்று
கடலுக்கு அப்பாலிருந்து ஒரு நிறுவனம் தரும் உரிமம்.
பக்கத்துக்கு எழுநூறு ரூபாய் எனக்கு.
முழுவதும் தமிழில் வேண்டுமாம்;
பின்னிணைப்பு மூன்றில் வேலை செய்பவர்களும்
ஒப்பமிட வேண்டியிருக்கிறது.

தட்டு சுழலும்போது
தலை அதைத் தொடுவதில்லை, காற்றில் மிதக்கிறது.
மயிரிழையைப் பதினாயிரமாய் வகிர்ந்தால்
அதில் ஒரு வகிர், அவ்வளவுதான் இடைவெளி.
மூவாயிரம் மீற்றருக்கு மேலே
காற்று மெலிவதால் உத்தரவாதம் இல்லை
என்கிறது ஒன்பதாம் வாசகம்.
பீதுருதாலகாலவே அதற்குக் கீழேதான்.
அந்தப் பக்கத்தைக் கவலையில்லாமல் முடித்தேன்.

சிக்கியது பதினான்கு உப பிரிவு இரண்டில்:
"ஒப்பந்தம் முடிவுறும் நாளில்
உரிமம் பெற்றவரும் அவரது பணியாளரும்
தம்மிடமுள்ள அச்சுகள், வரைபடங்கள்,
மற்றும் ______ யாவற்றையும்
வழங்குநரிடம் திருப்பி ஒப்படைத்தல் வேண்டும்."
அகராதி செய்ந்நுட்பம் என்றது.
அது யார் வாயிலும் நுழைந்து நான் கேட்டதில்லை.

ஜெயசீலிக்கு அடித்தேன். மூன்றாம் லைன், இரவு முறை.
(லைனில் பிறந்து லைனுக்கே வேலைக்கு வந்தவள் நான்
என்று அவளே சொல்லிச் சிரிப்பாள்.)
கரத்தை வளைக்கிறாயே,
எந்த இடத்தில் நிறுத்தணும் என்று எப்படித் தெரியும்?
"மெஷின் சொல்ற இடத்துல நிறுத்தினா
நூத்துக்கு எட்டு போயிரும் அக்கா.
கொஞ்சம் முன்னாலயே விடணும்.
குளிர் நாள்னா இன்னும் கொஞ்சம் முன்னால.
அது கைப்பதம்."

கோடிட்ட இடத்தில் கைப்பதம் என்று அடித்தேன்.

சட்டத்தரணி விதானகே அம்மணிக்குச்
சிங்களத்தில் விளக்க வேண்டியிருந்தது: அத்ஹுருவ.
கண்ணாடியைக் கழற்றினார்.
"அதை எப்படித் திருப்பிக் கொடுப்பது?"
அதை எழுதித்தான் அனுப்பினோம்.
பதில் இரண்டு நாளில் வந்தது, ஒரே வரி:
முரண்பாடு எழுந்தால் ஆங்கிலப் படியே மேலோங்கும்.

பின்னிணைப்பைக் கன்டீனில் வைத்து வாசித்தார்கள்.
கரம் ஒன்றுக்கு ஆறு சதம் ஊக்கத்தொகை,
மாதிரிக்கென்று நூற்றுக்கு இரண்டு கழிவு.
விரலை அந்த வரியிலேயே வைத்துக்கொண்டு
ஜெயசீலி முகாமையாளரைக் கேட்டாள்:
"எங்கம்மா கொழுந்து நிறுக்கையில
ரெண்டு கிலோ வெட்டுவாங்க, சாக்குப் பாரம்னு.
இங்க சாக்கே இல்லையே சேர்?"
யாரோ தேநீரைச் சிந்திச் சிரித்தார்கள்.
முகாமையாளர் யோகசீலன் சிரிக்கவில்லை.
அவருடைய அம்மாவும் நிறுத்தவர்தான்.
வெளியே போய் யாருடனோ நெடுநேரம் பேசினார்.
இரண்டு, ஒன்றானது.
அதற்கு மேல் இறங்கவில்லை.

கோப்பு முழுவதிலும்
ஒரே மூச்சில் நான் தமிழாக்கியது
வன்தட்டின் முதுகில் ஒட்டும் வில்லையைத்தான்:
இந்தத் துளையை மூடாதீர்கள்.
உள்ளே இருப்பது மூச்சுவிட அது.

வெள்ளிக்கிழமை கையெழுத்து. மூடுபனி, மின்வெட்டு,
கைப்பேசி வெளிச்சத்தில் ஒவ்வொருவராய் வந்தார்கள்.
பதினான்கு உப பிரிவு இரண்டைக் கடக்கும்போது
ஜெயசீலி தன் உள்ளங்கையைத் திருப்பிப் பார்த்தாள்,
"இதையும் பார்சல் கட்டணுமா?" என்றாள்,
போட்டாள்.

மறுவாரம் எனக்குக் காசோலை வந்தது
முப்பத்தேழு பக்கத்துக்கு.
தொலைபேசியில் கேட்டேன்.
ஒப்பமிடும் பக்கங்கள் நான்கையும் கழித்தார்களாம்,
அவற்றில் ஒன்றும் எழுதியிருக்கவில்லையாம்.

அவற்றில் ஒன்றில்தான்
மை திட்டாய்ப் பரவிய
ஜெ. ஜெயசீலி.